வேம் பொடியும் மரபணு மாற்றமும்

வணக்கம் சார்,

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில், பெயின்ட் வாளிகளில் கத்தரியும் முள்ளங்கியும் வளர்க்கிறேன். நர்சரியில் சொன்னார்கள் என்று வேம் (VAM) பொடி, அதாவது செடியின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை உள்ள பொடி, வாங்கிப் போட்டேன். கத்தரி நன்றாக வந்தது, முள்ளங்கியில் வித்தியாசமே இல்லை. இப்போது என் தங்கை, “வேர்ப் பூஞ்சைகளை பாக்டீரியா வைத்து மரபணு மாற்றுகிறார்களாம், அதையா சாப்பிடும் செடிக்குப் போடுகிறாய்?” என்கிறாள். உண்மையா?

க.

அன்புள்ள க.,

பயப்படாதீர்கள். உங்கள் பாக்கெட்டில் இருப்பது மரபணு மாற்றாத பூஞ்சையின் வித்துகளும் வேர்த்துண்டுகளும்தான். தங்கை சொன்ன வேலையும் நடக்கிறது, ஆனால் வேறு பூஞ்சைகளில்.

அக்ரோபாக்டீரியம் என்றொரு மண் பாக்டீரியா உண்டு. செடியில் காயம் பட்டால் கசியும் ஒரு வேதிப்பொருளை மோப்பம் பிடித்து வந்து, தன் டிஎன்ஏவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்திவிடும். அந்த இடத்தில் கழலை வீங்கும். கழலை உண்டாக்கும் மரபணுக்களை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை வைத்தால், அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1995-இல் நெதர்லாந்தின் லைடனில் இதை ஈஸ்ட் என்ற பூஞ்சையிலேயே செய்து காட்டினார்கள். காயம்பட்ட செடி அங்கே இல்லை அல்லவா, அதனால் அந்தக் கசிவுப் பொருளை ஆய்வகத் தட்டில் இவர்களே கலந்துவிடுகிறார்கள்.

குளிர்நாட்டுக் காடுகளில் மரவேர்களோடு வாழும் லக்காரியா என்ற காளானில் 2005-இல் இது கைகூடியது. அதன் பிறகு வந்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. லக்காரியா சுரக்கும் ஒரு சின்னப் புரதத்தின் மரபணுவை இதே வழியில் அடக்கிப் பார்த்தார்கள். அந்தப் பூஞ்சையால் பாப்ளர் மரத்தின் வேரோடு சேர முடியவில்லை. 2011-இல் வந்த முடிவு இது. காரணம் 2014-இல் தெரிந்தது. வேருக்குள் நுழைபவனைத் தடுக்க மரம் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற எச்சரிக்கைப் பொருளை நம்பியிருக்கிறது (மல்லிகை இனத்துப் பூவின் எண்ணெயை வைத்து வந்த பெயர்). பூஞ்சையின் புரதம் மரத்தின் செல் உட்கருவுக்குள்ளேயே போய் அந்த எச்சரிக்கையை அமர்த்துகிறது. இரண்டும் எப்படி உறவாகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இப்படி ஒரு வழி கிடைத்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

வேம் பூஞ்சையில் இது சுலபமில்லை. உயிருள்ள வேர் இல்லாமல் அது வளராது. ஒரு வித்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றவை அப்படியே நிற்கும்.

சரி, முள்ளங்கிக்கு வருவோம். முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு குடும்பம் இந்தப் பூஞ்சையோடு சேர்வதே இல்லை. உங்கள் மேல் தவறில்லை, அதற்கு வேம் வாங்க வேண்டாம். கத்தரிக்கு, நாற்று நடும்போதே குழிக்குள் வேரில் படும்படி பொடியைப் போடுங்கள். அந்த வாளிக்கு டிஏபி என்ற பாஸ்பரஸ் உரம் போடாதீர்கள். பூஞ்சை கொண்டுவந்து தருவதே முக்கியமாக பாஸ்பரஸ்தான். அது மண்ணில் தாராளமாகக் கிடைத்தால் கத்தரி பூஞ்சையை அண்டவிடாது.