கர்நாடக டிரெய்லருக்குத் தமிழ்நாட்டு நம்பர்: புரோக்கர் சொல்லும் 'ஒரு வருஷம்'

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். குசால்நகரிலிருந்து கேஏ 12 பதிவுள்ள பழைய டிராக்டர் டிரெய்லர் ஒன்றை இரண்டு மாதத்துக்கு முன்பு வாங்கினேன். ஆர்சி கையில் இருக்கிறது. 'ஒரு வருஷம் இப்படியே ஓட்டலாம், அப்புறம் சேலத்தில் நானே நம்பர் எடுத்துத் தருகிறேன்' என்கிறார் புரோக்கர். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஆர்சியை எடுத்து, உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். உங்களிடம் பணம் வாங்கியவர் பெயர்தானா, இல்லை வேறு யாருடையதோவா?

பழைய டிரெய்லர் பெட்டிகள் பெயர் மாறாமலே மூன்று நான்கு கை மாறி வந்துவிடும். ஆனால் என்ஓசி (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை என்று பழைய ஆர்டிஓ தரும் சான்று) கேட்டு படிவம் 28 கொடுக்க வேண்டியவர் ஆர்சியில் பெயர் உள்ளவர். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டியதும் அவரிடம்தான். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் படிவம் 31 கொடுத்துத் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே உங்கள் முறை வரும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன் என்று புரோக்கர் சொன்னால், அது யார் போட்ட கையெழுத்து என்று கேளுங்கள்.

அந்த 'ஒரு வருஷம்' முழுப் பொய் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47, வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது எண் வாங்கச் சொல்கிறது. இது தன் பெயரில் உள்ள வண்டியோடு ஊர் மாறி வருகிறவருக்குப் பொருந்தும். மடிக்கேரிக்காரர் ஒருவர் தன் சொந்த வண்டியோடு சேலத்துக்குக் குடிவந்தால் அவருக்கு அந்த அவகாசம் உண்டு. நீங்கள் விலைக்கு வாங்கியவர். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனு செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 50. வண்டி ஷெட்டிலேயே நின்றாலும், விற்றவர் 'ஓட்டிக்கொள்ளுங்கள்' என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த 30 நாள் நிற்காது. உங்களுக்கு அது முடிந்துவிட்டது. தாமதக் கட்டணம் கட்டத் தயாராக இருங்கள்.

விற்றவர் இழுத்தடித்தால் அவரிடம் ஒன்று சொல்லுங்கள். பதிவு அவர் பெயரில் இருக்கும்வரை, ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் எதில் விபத்து நடந்தாலும் நஷ்டஈட்டு நோட்டீஸ் அவர் வீட்டுக்கும் போகும். பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் சொல்லிவிட்டது. கையெழுத்து சீக்கிரம் வரும்.

அடுத்து கடன். டிராக்டரும் பெட்டியும் பெரும்பாலும் ஒரே லோனில் வாங்கப்பட்டிருக்கும். டிராக்டரை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் விற்றிருந்தால், பெட்டியின் ஆர்சியிலும் அடமானக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வங்கியின் கடிதமும் படிவம் 35ம் இல்லாமல் எதுவும் நகராது.

பிறகு சேசிஸ் நம்பர். டிரெய்லருக்கு இன்ஜின் கிடையாது. அடையாளம் இந்த ஒன்றுதான். இரும்புச் சட்டத்தில் குத்தியிருக்கும் இடத்தைத் தேடி, மண்ணெண்ணெய் துணியால் துடையுங்கள். கிரைண்டரும் உப்புத்தாளும் பக்கத்தில் வரக்கூடாது. தேய்த்த தடம் தெரிந்தாலே திருட்டு வண்டி என்ற சந்தேகம் வரும். மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தால் எழுத்துகள் விழும். அதை ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 8 இருக்கும் இடத்தில் 'பி', பூஜ்யம் இருக்கும் இடத்தில் 'ஓ' என்று பதிவாகியிருந்தால், என்ஓசி வருவதற்கு முன்பே, கேஏ 12 எண்ணுக்குரிய மடிக்கேரி ஆர்டிஓ அலுவலகத்தில் திருத்துங்கள். என்ஓசி வந்த பிறகு இரண்டு அலுவலகமும் மாறி மாறிக் கை காட்டும்.

பக்கப் பலகையை உயர்த்தியோ, இரண்டு சக்கரத்தை நான்காக்கியோ லேத்தில் வேலை பார்த்திருந்தால் அனுமதியில்லாத மாற்றம். பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

எல்லாம் சரியென்றால், என்ஓசி, திருட்டு வழக்கில் இல்லை என்ற என்சிஆர்பி (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்) சான்று, ஆர்சி, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று, படிவம் 27, 29, 30 ஆகியவற்றோடு உங்கள் முகவரிக்குரிய அலுவலகத்தில் மனு. டிஎன் 30 சேலம் மேற்கு, டிஎன் 54 கிழக்கு, டிஎன் 90 தெற்கு. எது உங்களுடையது என்பதை அலுவலகத்தில் உறுதி செய்துகொண்டு கட்டணம் கட்டுங்கள். இரண்டு மாநிலத்துக்கும் பரிவாகன் என்ற ஒரே இணையதளம்தான். அங்கே தட்டியது இங்கே திரையில் தெரிகிறது. இருந்தும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்க வேண்டியது நாம்தான்!

கர்நாடகத்தில் கட்டிய வரி இங்கே கழியாது. டிராக்டர் இன்சூரன்ஸ் பெட்டிக்குத் தானாகப் பொருந்தாது. பாலிசியில் பெட்டியைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். விவசாயப் பதிவில் வாடகை லோடு அடிக்காதீர்கள்.

புரோக்கர் செலவுப் பட்டியல் கொடுத்தால் அதில் 'புகைச் சான்று' இருக்கிறதா என்று தேடுங்கள். இன்ஜினே இல்லாத பெட்டிக்கு ஏது புகை? அந்த வரி இருந்தால் அவரை அனுப்பிவிட்டு நீங்களே மனு போடுங்கள். விலையில் பாக்கி ஏதாவது இருந்தால், என்ஓசி கைக்கு வரும்வரை கொடுக்காதீர்கள்.