லே-ஆஃப் ஆனவனை இங்கே எப்படிப் பார்ப்பார்கள்?

தம்பி, ஒன்றரை வருஷத்தில் இரண்டாவது கம்பெனியும் கையை விரித்துவிட்டது, இந்த ரெஸ்யூமேயைப் பார்த்தால் நிலையில்லாதவன் என்று நினைக்க மாட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து ஃப்ரீமான்ட் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2009-ல் எனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். அம்மாவிடம் போனில் சொல்லவே நாலு மாதம் ஆனது.

பக்கத்து வீட்டுக்காரர் நியூயார்க் ஜெட்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் ரசிகர். குப்பைத் தொட்டியை வெளியே இழுத்து வைக்கும்போது டக் ப்ரையன் என்ற கிக்கரின் கதையைச் சொன்னார். சொல்லும்போதே பல்லைக் கடித்தார், அது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது.

கிக்கர் என்றால், 53 பேர் உள்ள அணியில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பதற்கென்றே இருக்கும் ஒரே ஆள். கம்பங்களுக்கு இடைவெளி 18 அடி 6 அங்குலம். நாலு உதை தவறினால் போதும், வேறு ஆட்களை வரவழைத்து உதைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். ப்ரையன் 1994-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸில் சேர்ந்து, முதல் வருஷமே சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்த அணியில் இருந்தார். அடுத்த வருஷமே நியூ ஆர்லியன்ஸ். அங்கே ஆறு சீசன். அதன்பின் இண்டியானாபொலிஸ், டாம்பா, மின்னசோட்டா, நியூயார்க், சிகாகோ. மொத்தம் ஏழு அணி!

2005 ஜனவரி 8: சான் டியேகோவில் கூடுதல் நேரத்தில் இவர் உதைத்த பந்தால் ஜெட்ஸ் 20-17 என்று ஜெயித்தது. ஒரு வாரம்தான். பிட்ஸ்பர்க்கில் 17-17 என்று இருக்கும்போது, இரண்டு நிமிடம் மிச்சம், 47 கெஜத்திலிருந்து உதைத்த பந்து குறுக்குக் கம்பியில் பட்டு விழுந்தது. ஆட்டத்தின் கடைசி நொடியில் 43 கெஜத்திலிருந்து இன்னொரு வாய்ப்பு. இடப்பக்கம் விலகிப் போனது. கூடுதல் நேரத்தில் ஜெட்ஸ் தோற்றது, அதே 20-17. அடுத்த சீசனில் சிகாகோ சீக்கிரமே அனுப்பிவிட, அந்த இடத்துக்கு வந்த ராபி கூல்ட் அதுவரை கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் பத்து வருஷத்துக்கு மேல் அங்கே நிலைத்துவிட்டார்.

ப்ரையன் எங்கள் ஊர்ப்பக்கமே திரும்பி வந்தார். 2009-ல் தெருவுக்குத் தெரு ஜப்தி வீடுகள். ஒரு கூட்டாளியோடு ஓக்லாந்தில் வேபாயின்ட் ஹோம்ஸ் தொடங்கி, அந்த வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டார்கள். 2016-ல் அதே கூட்டாளியோடு வாடகை வீடுகளைப் பராமரிக்கும் மைண்ட் கம்பெனி. இப்படிக் கம்பெனிகள் வீடுகளை அள்ளியதில் எனக்கு உடன்பாடில்லை, ஏலத்தில் ரொக்கத்தோடு வருபவர்களோடு நம்மால் மல்லுக்கட்ட முடியுமா? ஆனால் ஏழு அணி மாறியவர் என்று யாரும் அவருக்கு முதலீடு கொடுக்கத் தயங்கியதாகத் தெரியவில்லை.

அதனால் எத்தனை கம்பெனி என்று இங்கே கேட்க மாட்டார்கள், அங்கே என்ன செய்தாய் என்றுதான் கேட்பார்கள். நேராகச் சொல்லுங்கள், மழுப்ப வேண்டாம்.

ஒரு வித்தியாசம் உண்டு. அவருக்கு விசா கவலை இல்லை. உங்களுக்கு எச்1பி என்ற வேலை விசா என்றால், வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான் இங்கே இருக்கலாம். அதில் எத்தனை நாள் போயிற்று? அதை முதலில் எழுதுங்கள், ரெஸ்யூமேயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.