பழைய பைக்கில் யமஹா ஆர்எக்ஸ் 100-ஆ, ராஜ்தூத் 350-ஆ? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கே: அண்ணே, ரெண்டுமே யமஹா எஞ்சின்தானே, அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ப: ரெண்டையும் இங்கே தயாரித்தது எஸ்கார்ட்ஸ் கம்பெனி, ரெண்டும் டூ-ஸ்ட்ரோக், ரெண்டிலும் பெட்ரோல் கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வு, பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயிலுக்குத் தனி டேங்க். ஒற்றுமை அதோடு சரி. ஆர்எக்ஸ் 98 சிசி, ஒரே சிலிண்டர், 11 குதிரைத்திறன், 4 கியர். ராஜ்தூத் 347 சிசி, ரெட்டை சிலிண்டர், 6 கியர். 1983-ல் வந்த முதல் வண்டி, அதாவது எச்டி என்கிற ஹை டார்க், 30.5 குதிரைத்திறன். மைலேஜ் போதவில்லை என்று புலம்பல் வரவே அதை 27-ஆகக் குறைத்து எல்டி, அதாவது லோ டார்க் என்று விட்டார்கள். இதற்கு மூலமான ஜப்பான் யமஹா ஆர்டி 350-இல் 39 இருந்தது, அதை நினைத்தால்தான் வயிறெரியும்.

கே: டவுனுக்குள் ஆர்எக்ஸ்தான் வேகம் என்கிறார்களே, உண்மையா?

ப: சிக்னலில் இருந்து கிளம்பும்போது அப்படித்தான் தோன்றும். ஆர்எக்ஸ் 100 கிலோ சொச்சம்தான், கியர் நெருக்கம், ஆக்சிலேட்டரைத் திருகினால் உடனே துள்ளும். ராஜ்தூத்தின் எடை 150 கிலோவை ஒட்டி வரும், ஆனால் கணக்குப் போட்டால் ஒரு குதிரைக்கு 5 கிலோதான், ஆர்எக்ஸில் 9-க்கு மேல். அதனால் எஞ்சின் சூடாகி ஆர்பிஎம் ஏறிய பிறகு போட்டியே இல்லை. 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆர்எக்ஸ் மூச்சு வாங்கும், 350 அப்போதுதான் கியரை மாற்றிக்கொண்டிருக்கும்.

கே: பிரேக்?

ப: ரெண்டும் டிரம். ஆர்எக்ஸுக்கு அது ஏதோ போதும். ஜப்பானில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் இருந்த வண்டிக்கு இங்கே டிரம் போட்டுக் கொடுத்தது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

கே: மைலேஜ் சொல்லுங்க சார்.

ப: ஆர்எக்ஸ் ஒழுங்காக ஓட்டினால் 40 பக்கம். ராஜ்தூத் 20, 25. மைலேஜுக்குப் பேர்போன ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்த காலத்தில் ராஜ்தூத்தை யார் வாங்குவார்கள், சொல்லுங்கள்.

கே: பழசு ஒன்று வாங்கிப் போடலாம் என்று இருக்கிறேன், எது?

ப: தினமும் ஓட்டவா, அழகு பார்க்கவா தம்பி? ஓட்ட என்றால் யோசிக்காமல் ஆர்எக்ஸ். 1996-இல் நிறுத்தினாலும் ஸ்பேர் இன்னும் கிடைக்கிறது, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். ராஜ்தூத்தில் கார்புரேட்டர் ரெண்டு, ஸ்பார்க்கை நேரத்துக்குக் கொடுக்கும் பாயின்ட் செட் ரெண்டு, எல்லாம் ஒன்றோடொன்று ஒத்து ஓட வேண்டும், ஒன்று தள்ளாடினால் வண்டியே இருமும். அதைச் செட் பண்ணத் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். எதுவானாலும் எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் ரெண்டையும் ஆர்சியோடு ஒத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், ஆர்எக்ஸ் 135 எஞ்சினை ஏற்றி 100 என்று விற்பது சாதாரணம்.

கே: ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே 2டி ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்துவிடச் சொல்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

ப: பம்ப் கெட்டுப்போய் வேறு வழியில்லை என்றால் சரி. நன்றாக இருப்பதை ஏன் கழற்ற வேண்டும்? பம்ப் ஆக்சிலேட்டரையும் எஞ்சின் வேகத்தையும் பார்த்து ஆயிலைத் தள்ளும். கலந்து ஊற்றினால் பெட்ரோல் போனால்தான் ஆயிலும் போகும், ஏற்காடு மாதிரி இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி கியரிலேயே இறங்கினால் உள்ளே காய்ந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பம்ப் கேபிளைச் சரியாக அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்கள், ஆயில் டேங்க் காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.