மேப் ஓடுகிறது, சார்ஜ் இறங்குகிறது

கேள்வி: காரைக்குடியில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று பகல் முழுக்கச் சுற்று. போனில் மேப்பைப் போட்டு, ஸ்டீரியோவில் இருக்கும் யூஎஸ்பியில் சொருகிவிடுவேன். சார்ஜ் ஏறுவதாகத்தான் காட்டுகிறது. ஆனால் காலையில் 80 இருந்தது மதியத்துக்குள் 50க்கு வந்துவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா? வண்டியில் வருகிறவர்கள் லேப்டாப்புக்கும் சார்ஜ் கேட்கிறார்கள். சின்ன இன்வெர்ட்டர் வாங்கி மாட்டலாமா?

பதில்: புதுப் போன் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். வீட்டில் சொருகினால் வழக்கம்போல ஏறுகிறது என்றால் பேட்டரி மேல் பழி போட வேண்டாம்.

ஸ்டீரியோவில் உள்ள யூஎஸ்பி பென்டிரைவில் பாட்டுக் கேட்க வைத்தது. யூஎஸ்பி 2.0 கணக்குப்படி அது கொடுப்பது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். திரை முழு வெளிச்சத்தில் எரிய, ஜிபிஎஸ்ஸும் நெட்டும் ஓடிக்கொண்டிருக்கும் போன் 3 முதல் 5 வாட் வரை தின்னும். ஊருணிக்கு வரத்துக்கால் ஒரு சாண்; மொள்ளுகிற குடமோ நூறு. திரையில் தெரியும் மின்னல் குறிக்கு ‘ஏதோ வருகிறது’ என்றுதான் அர்த்தம்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கு மாறுங்கள். அங்கே 12 வோல்ட் கிடைக்கும். இன்ஜின் ஓடும்போது 14 வரை போகும். நல்ல அடாப்டர் அதைப் போனுக்கு ஏற்றபடி இறக்கிக் கொடுக்கும். அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 38 வாட்டை நம்பி வாங்காதீர்கள். பல சமயம் அது இரண்டு துளைக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. அடாப்டர் மேலேயே பொடி எழுத்தில் ‘5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2 ஆம்பியர்’ என்பது போல இருக்கும். அதைப் பெருக்கிப் பாருங்கள். ஒரு துளைக்கு 15, 18 வாட் வந்தால் மேப்புக்குத் தாராளம். வீட்டில் 67 வாட்டில் ஏறும் போன் காரிலும் அதே வேகத்தில் ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த வேகம் பெரும்பாலும் அந்தக் கம்பெனி சார்ஜருக்கும் கேபிளுக்கும் மட்டும்தான்.

அடாப்டருக்குச் செலவழித்துவிட்டுக் கேபிளில் மிச்சம் பிடிக்கிறவர்கள் நிறைய. உள்ளே 28 கேஜ் என்ற மெல்லிய கம்பி போட்ட ஒரு மீட்டர் கேபிளில் 2 ஆம்பியர் போனால், போக வர 0.85 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். 5 வோல்ட்டில் கிளம்பியது 4.15 ஆகப் போய்ச் சேரும். போனும் இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். தடித்த, குட்டையான கேபிளாக வாங்குங்கள்.

அடுத்தது வெயில். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது என்பதை, சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் ஊர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது அதற்கு நல்லதல்ல என்பதால், போனே வேகத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்திவிடும். சித்திரை வெயிலில் முன்கண்ணாடியில் ஒட்டிவைத்த போன் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது. ஹோல்டரை ஏசி காற்று வரும் இடத்துக்கு மாற்றுங்கள். என்னைக் கேட்டால், புது அடாப்டருக்கு முன்னால் செய்ய வேண்டியதே இதுதான், காசும் செலவில்லை.

இன்வெர்ட்டர் வேண்டாம் என்பேன். அது 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றும், லேப்டாப் சார்ஜர் அதைத் திரும்ப 20க்கு இறக்கும்; இரண்டு இடத்திலும் நஷ்டம். 150 வாட் இன்வெர்ட்டர் முழுச்சுமையில் பன்னிரண்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்கள் சாக்கெட் மூடியில் 120 வாட் என்று போட்டிருந்தால் அது தாங்குவது 10 ஆம்பியர்தான். ஃபியூஸ் போகும். போனதும் பெரிய ஃபியூஸ் போட்டுத் தரச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள். அப்புறம் எரிவது ஒயர். இப்போதைய லேப்டாப்புகள் பலவும் டைப்-சி வழியாகவே சார்ஜ் ஆகின்றன. பிடி (PD, ‘பவர் டெலிவரி’) வசதி உள்ள 65 வாட் கார் அடாப்டர் ஒன்று இருந்தால் 6 ஆம்பியருக்குள் வேலை முடியும். உருண்டைப் பின் வைத்த பழைய லேப்டாப்காரரிடம், லாட்ஜுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

வருகிறவர்கள் போனை ஸ்டீரியோவில் சொருகினால் கோப்புகளைப் பகிரலாமா என்று கேட்கும். ‘சார்ஜ் மட்டும்’ என்பதை அழுத்தச் சொல்லுங்கள்.

பிள்ளையார்பட்டியில் சவாரிக்குக் காத்திருக்கும் அரை மணியில், இன்ஜினை அணைத்துவிட்டுப் போனுக்கு ஏற்றினால் கார் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. ஒரு ஆம்பியர் சமாசாரம். மாட்டிக்கொள்வது, காரை ஊரில் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய், படைப்புக்கோ (முன்னோருக்குப் படையல் போடும் வழிபாடு) கல்யாணத்துக்கோ மட்டும் திரும்பி வருகிறவர்கள்தான். நீல விளக்கு எரியும் அடாப்டர் சும்மா இருந்தே 20 மில்லி ஆம்பியர் குடித்தால், நாளுக்கு அரை ஆம்பியர்-மணி. இரண்டு மாதத்தில் 30 போய்விடும்; சின்னக் காரின் பேட்டரியே 35தான். சாவியை எடுத்த பிறகும் அடாப்டரில் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். எரிந்தால், ராத்திரி வண்டியை விடும்போது உருவி வைத்துவிடுங்கள்.