ஓவிய வகுப்பில் பானையையும் ஸ்டூலையும் திரும்பத் திரும்ப வரைவதில் என்ன கிடைக்கிறது?

மகள் பதினொன்றாம் வகுப்பு, வார இறுதியில் ஓவிய வகுப்புக்குப் போகிறாள், அங்கே பானை, ஸ்டூல், துணி மடிப்பு என்று அதையே வரையச் சொல்கிறார்கள், "இஷ்டப்பட்டதை வரையவே விடமாட்டேங்கிறாங்க" என்று சலித்துக்கொள்கிறாள், இதில் உண்மையில் கற்க ஏதாவது இருக்கிறதா, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். நான் சென்னையில் கவின் கலைக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். டிஸ்ப்ளேவுக்காக முதல் வருடத்திலிருந்து செய்த வேலைகளை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பி வைத்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் தெளிவாகிறது. கை வளர்ந்ததெல்லாம் கட்டுப்பாடு போட்டுக் கொடுத்த பயிற்சிகளில்தான். "என்ன வேண்டுமானாலும் செய்" என்று விட்ட காம்போசிஷன் வேலைகளில் அந்தந்த நேரத்தில் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் இருக்கிறது. அழகாகக்கூட இருக்கிறது, ஆனால் புதிதாக ஒன்றும் இல்லை.

ஸ்டூலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முதல் வருடத்தில் ஒரு மர ஸ்டூலை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஸ்டூலை வரையக் கூடாது, கால்களுக்கு நடுவில் தெரிகிற காலி இடத்தை மட்டும் வரை" என்றார் மாஸ்டர். எல்லாருக்கும் குழப்பம். ஆனால் காரணம் இருக்கிறது. ஸ்டூல் என்றால் நான்கு கால், நான்கும் ஒரே நீளம் என்று நமக்குத் தெரியும், அந்தத் தெரிந்த விஷயம்தான் கைக்குள் புகுந்து படத்தைக் கெடுக்கும், ஏனென்றால் நாம் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் ஒரு கால் இன்னொன்றைவிடக் குட்டையாகத்தான் தெரியும், குறுக்குச் சட்டம் சாய்ந்துதான் இருக்கும். காலி இடத்துக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. அது எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஒரு கோணல் நாற்கோணம், பக்கத்தில் ஒல்லியான ஒரு முக்கோணம், அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் பார்த்துத்தான் ஆக வேண்டும், அளந்துதான் ஆக வேண்டும். கையை முழுதாக நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரல் நகத்தால் அளவு குறித்துக்கொள்வது. முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு போச்சு. அந்தக் காலி இடங்களை ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கி முடித்தபோது நடுவில் ஸ்டூல் வெள்ளையாக, சரியான சாய்வோடு நின்றது. முகம் வரையும்போதும் இதேதான். கண் தலையின் உயரத்தில் கிட்டத்தட்ட சரிபாதியில் இருக்கிறது, ஆனால் யாரைக் கேட்டாலும் மேலே கொண்டுபோய் வைப்பார்கள், ஏனென்றால் நெற்றியையும் உச்சந்தலையையும் யாரும் கவனித்துப் பார்ப்பதில்லை.

அப்புறம் சார்கோல், அதாவது வரைகிற கரி. வெள்ளைத் துணி, கறுப்பு மண்பானை, ஒரு பித்தளைச் செம்பு. வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை ஐந்தே டோன், அதாவது ஐந்தே படிகள்தான், ஆறாவது கூடாது. கார்ட்ரிட்ஜ் ஷீட் என்கிற வரைதாள் முழுக்கச் சார்கோல் தூள் தேய்த்துச் சாம்பல் நிறமாக்கிவிட்டு, வெளிச்சம் விழுகிற இடங்களைப் பிசைகிற ரப்பரால் ஒற்றி எடுப்போம், இருட்டான இடங்களில் மேலே சார்கோல் ஏற்றுவோம். ஓரங்கள் கலங்கித் தெரிகிற அளவுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நிழலில் கிடக்கிற வெள்ளைத் துணி, கறுப்புப் பானையின் பளபளப்புப் புள்ளியைவிட இருட்டாக இருக்கும். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். பித்தளைச் செம்பு இன்னும் நல்ல பாடம். அது பித்தளை என்று கண்ணுக்குச் சொல்வது மஞ்சள் நிறம் மட்டும் இல்லை. படத்திலேயே அதிக வெளிச்சமும் அதிக இருட்டும் அதன் உடம்பில் ஒட்டி ஒட்டி நிற்கிறது, நடுவில் மெதுவாக மாறுகிற டோன் மிகக் குறைவு. பானையில் அதுவே நேர்மாறு, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு நிதானமாகப் போகிறது. கறுப்பு வெள்ளையிலேயே பித்தளையையும் மண்ணையும் பிரித்துக் காட்ட முடிகிறது என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய சந்தோஷம், இன்றைக்கும் அந்தப் பானையை என் ஷீட்களில் முதல் வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

வண்ணத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், நான் காஞ்சிபுரத்தில் தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவள். வண்ணத்தில் எங்களுக்குக் கொடுத்தது மூன்றே டியூப், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, வெள்ளை. கறுப்பு கிடையாது. நீலமும் சியன்னாவும் சேர்ந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஓர் இருட்டு வரும், நீலம் கூடினால் குளிர்ச்சியான சாம்பல், சியன்னா கூடினால் சூடான சாம்பல். இந்த மூன்றை வைத்துக்கொண்டு பெரியமேட்டில் எங்கள் கல்லூரி மரத்தடியின் காலை வெயிலை வரையச் சொன்னார்கள். பச்சை கிடையாது, ஆனாலும் சியன்னாவுக்குப் பக்கத்தில் வைத்த நீலச் சாம்பல், தூரத்திலிருந்து பார்த்தால் இலை மாதிரியே நின்றது.

பக்கத்து நிறம் செய்கிற வேலை இது. 1824இல் பாரிஸின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் பளிச்சென்று இல்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை, நெசவில் அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் ஓடிய நிறங்கள்தான் அதை மங்கலாகக் காட்டியிருக்கின்றன. இதை விரிவாக ஆராய்ந்து 1839இல் வெளியிட்டார், பின்னால் வந்த ஓவியர்கள் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். வகுப்பில் இதைக் கேட்டதும் எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். அரக்கு உடம்புக்கு எந்தப் பச்சை பார்டர் என்று முடிவு செய்ய அவர் நூல் கண்டுகளைத் தனித்தனியாகப் பார்க்கவே மாட்டார், இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று முறுக்கி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். எங்கள் தறியில் போட்ட மயில்கழுத்துச் சேலையில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நூல்கூடக் கிடையாது. நீளவாட்டில் ஓடுகிற பாவு நீலம், குறுக்கே ஓடுகிற ஊடை பச்சை. துணி மடங்கும் இடத்தில் ஒன்று மேலே வரும், நிமிரும் இடத்தில் இன்னொன்று. அந்தச் சேலையின் ஒரு மடிப்பை மட்டும் பெரிதாக எடுத்து, நீலத்தையும் பச்சையையும் தட்டில் கலக்காமல் சின்னச் சின்னக் கோடாகப் பக்கம் பக்கமாகப் போட்டு ஒரு கேன்வாஸ் செய்தேன். மூன்று டியூப் பயிற்சி இல்லாமல் நேராக அதைத் தொட்டிருந்தால் கடையில் ஒரு பீகாக் ப்ளூ டியூப் வாங்கிப் பூசியிருப்பேன்.

லினோ பற்றி ஒரு வார்த்தை. தரைவிரிப்பு லினோலியத்தில் உளியால் செதுக்கி, ரோலரில் மை ஏற்றி, காகிதம் வைத்துத் தேய்த்துப் படத்தை அச்சாக எடுப்பது. பிரஸ் காலியாக இல்லாவிட்டால் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே போதும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் லினோ இளகி வெட்டச் சுலபமாக இருக்கும். ஒரே பலகையில் பல நிறம் எடுக்கிற முறையைச் செய்யச் சொன்னார்கள். முதலில் கொஞ்சம் வெட்டி மஞ்சளில் எல்லாப் பிரதியும் எடு, மறுபடி அதே பலகையில் வெட்டிச் சிவப்பு, மறுபடி வெட்டிக் கறுப்பு. 1950களின் இறுதியில் பிக்காசோ இந்த முறையில் நிறையச் செய்திருக்கிறார். கறுப்பு போடும்போது பலகையில் மஞ்சளுக்கு வெட்டிய நிலை இருக்காது, திரும்பிப் போக முடியாது. அதனால் வெட்டுவதற்கு முன்னாலேயே படம் முழுக்க மனசில் ஓடிவிட வேண்டும். கம்ப்யூட்டரில் பின்னோக்கி அழித்துப் பழகிய எங்கள் தலைமுறைக்கு இது நல்ல மருந்து.

மண் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. களிமண்ணில் ஹெட் ஸ்டடி, அதாவது ஒரு தலையைப் பார்த்துச் செய்வது. நடுவில் கட்டை நட்டு, கம்பி வளைத்துக் கட்டி, அந்தக் கம்பியிலிருந்து சின்னச் சின்ன மரச் சிலுவைகளைத் தொங்கவிடுவோம், மண் கனத்தில் தலை சரிந்து இறங்காமல் அவைதான் பிடித்துக்கொள்ளும். இங்கே கட்டுப்பாடு, ஒரே பக்கத்தில் நின்று வேலை செய்யக் கூடாது, ஸ்டாண்டைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னாலிருந்து அச்சு அசலாக இருக்கிற முகம் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், காது நாம் நினைப்பதைவிடப் பின்னால் இருக்கிறது. முடிந்ததும் அந்த மண் தலைமேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுப்போம். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் கட்டி தட்டிவிடும். முதல் பூச்சில் மட்டும் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கொஞ்சம் கலப்போம். அதற்கு மேல் கனமாக வெள்ளைப் பூச்சு. இறுகும்போது கை வைத்தால் சூடு தெரியும். அச்சைப் பிரித்து மண்ணை எடுத்து, உள்ளே சோப்புத் தண்ணீர் பூசி, மறுபடி சேர்த்துக் கட்டி, புதுப் பிளாஸ்டர் ஊற்றி, இறுகிய பிறகு வெளி அச்சை உளியால் தட்டித் தட்டி உடைத்து எடுக்க வேண்டும். வெள்ளை வரைக்கும் தைரியமாகத் தட்டலாம். நீலம் எட்டிப் பார்த்தால் அதற்குக் கீழே மூக்கோ இமையோ இருக்கிறது என்று அர்த்தம், சுத்தியலின் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஒரு சொட்டு நீலத்தை வைத்து இப்படி ஒரு எச்சரிக்கையை யோசித்தவர் யாரென்று தெரிந்தால் கும்பிடுவேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளை வரையப் போனபோதும் ஒரு விதி, நகை, ஆடை மடிப்பு எதுவும் வேண்டாம், வெளிக்கோடு மட்டும். திருவெண்காட்டு அர்த்தநாரி அங்கே இருக்கிறார். வலப்பக்கம் ஆண், இரண்டு கை, இடப்பக்கம் பெண், ஒரே கை. ஆண் பக்கத்தில் இடுப்புக் கோடு அதிகம் வளையாமல் இறங்குகிறது, பெண் பக்கத்தில் உள்ளே ஒடுங்கி வெளியே விரிகிறது, இரண்டும் வேறு வேறு உடம்பு, ஆனால் நிற்பது ஒரே ஆளாக. நகைகளை வரைந்துகொண்டிருந்தால் இதைக் கவனித்தே இருக்க மாட்டேன். நேரம் கிடைத்தால் மகளை ஒரு நாள் கூட்டிப் போங்கள், மற்றதை விடுங்கள், அந்த ஒன்றின் முன்னால் மட்டும் உட்கார வையுங்கள்.

எங்கள் கல்லூரியே 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் தொடங்கிய பள்ளி, கைத்தொழில் கற்றுக்கொடுப்பது அப்போது முக்கிய நோக்கம். அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் இந்தப் பயிற்சிகள் என்று சிலர் குறைவாகப் பேசுவார்கள். எனக்கு உடன்பாடில்லை. பின்னாளில் இதன் முதல்வராக இருந்து 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரைப் பாருங்கள். எழுத்தும் குறியீடும் நிறைந்த அவருடைய படங்களைத்தான் எல்லாரும் சொல்வார்கள், அதற்கு வெகுநாள் முன்னால் அவர் நீர்வண்ண நிலக்காட்சிகளில் பெயர் எடுத்தவர். இங்கே படித்த ஓவியர் ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டிக் கறுப்பு மைக்கோட்டிலேயே காந்தியை வரிசையாக வரைந்தார், வண்ணத்தில் அவர் செய்த பெரிய அரூபப் படங்கள் பிறகு வந்தவை. கட்டுப்பாடு அவர்களைச் சிறியவர்களாக்கவில்லை.

சரி, உங்கள் மகள் விஷயம். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, காலி இடங்களை மட்டும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பச் சொல்லுங்கள். பிளஸ் டூ முடித்து எங்கள் படிப்புக்கு வர நினைத்தால் சேர்க்கையின்போது பார்த்து வரையச் சொல்வார்கள், இந்தப் பழக்கம் அப்போது நேரடியாகக் கைகொடுக்கும். இஷ்டப்பட்டதை வரைய வகுப்புக்கு வெளியே ஒரு தனி நோட்டு இருக்கட்டும், அதை நீங்களோ ஆசிரியரோ திறந்து பார்க்க வேண்டாம். அந்த ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், ஒவ்வொரு பயிற்சியும் எதற்கு என்று. எங்கள் மாஸ்டர் ஸ்டூலைக் கவிழ்த்த அன்றே காரணம் சொல்லிவிட்டார், அதனால்தான் உட்கார்ந்தோம். காரணம் சொல்லத் தெரிந்தவர் என்றால் அவள் அங்கேயே தொடரட்டும். "வரைஞ்சுக்கிட்டே இரு, வரும்" என்பதுதான் பதில் என்றால், வருஷக் கணக்காகப் பென்சிலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார் என்றால், வேறு வகுப்பு தேடுங்கள், அதில் தயக்கமே வேண்டாம்.