சூப்பர்நோவாவின் வகை மாறுமா?

கேள்வி: ஒரே பொருளுக்கு முதலில் ‘ஏடி’, பிறகு ‘எஸ்என்’ என்று பெயர் வருகிறதே, ஏன்?

பதில்: வானில் புதிய ஒளிப்புள்ளி கண்டதும் கிடைப்பது ‘ஏடி’ (AT, திடீரெனத் தோன்றும் வான்பொருள்). அது சூப்பர்நோவா, அதாவது வெடித்த விண்மீன்தான் என்று நிறமாலை (ஒளியை அலைநீளங்களாகப் பிரித்த பதிவு) உறுதிசெய்த பிறகே ‘எஸ்என்’ (SN).

கேள்வி: இரண்டாம் வகை என்று அறிவித்ததைச் சில வாரங்களில் வேறு வகையில் சேர்க்கிறார்கள். முதல் முடிவு தவறா?

பதில்: பெரும்பாலும் தவறில்லை. அன்றைய நிறமாலையில் தெரிவதை வைத்துத்தான் வகை. ஹைட்ரஜன் தெரிந்தால் இரண்டு, தெரியாவிட்டால் ஒன்று; 1941-ல் வானியலாளர் மின்கோவ்ஸ்கி வகுத்தது. ஒன்றுக்குள், 6150 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) அருகே சிலிக்கான் ஒளியை உறிஞ்சிய பள்ளம் ஆழமாக விழுந்தால் ‘ஒன்று ஏ’. அது இல்லாமல் ஹீலியம் இருந்தால் ‘ஒன்று பி’. இரண்டும் இல்லையேல் ‘ஒன்று சி’.

ஆனால் வெடிப்பு வீசியெறிந்த பொருள், அதாவது சிதறல், விரிய விரிய மேலடுக்கு மெலிந்து உள்ளடுக்கு தெரியவரும். எம்81 கேலக்ஸியில் வெடித்த 1993ஜே என்ற சூப்பர்நோவா ஹைட்ரஜனோடு தொடங்கியது. சில வாரங்களில் ஹீலியம் மேலோங்கியது. அந்த விண்மீன்மேல் மெல்லிய ஹைட்ரஜன் போர்வைதான் மிச்சமிருந்தது. 2014சி நேர் எதிர். ‘ஒன்று பி’யாகத் தொடங்கி, விண்மீன் முன்பே உதறியிருந்த ஹைட்ரஜன் கூட்டில் சிதறல் மோதியதும் ஹைட்ரஜன் கோடு பலமாக எழுந்தது. இப்படிப்பட்ட அரிய மாற்றங்கள் ஒற்றை நிறமாலையோடு நிறுத்துபவர் கண்ணில் படவே படாது. ஒளி உச்சத்துக்கு முன், உச்சத்தில், ஒரு மாதம் கழித்து என்று குறைந்தது மூன்று நிறமாலை எடுங்கள்; மாதங்கள் கழிந்தும் ஒன்று எடுத்தால்தான் 2014சி போன்றவை சிக்கும்.

கேள்வி: என் நிறமாலையில் ஒடுங்கிய ஹைட்ரஜன் கோடு இருக்கிறது. ‘இரண்டு என்’ (ஒடுங்கிய ஹைட்ரஜன் கோடு காட்டும் இரண்டாம் வகை) என்று அறிவிக்கலாமா?

பதில்: பொறுங்கள். கேலக்ஸியின் வாயு மேகமும் அதே கோட்டைத் தரும். முதலில் செம்பெயர்ச்சியை (கேலக்ஸி விலகிச் செல்வதால் அலைநீளம் கூடுவதை) சரிசெய்யுங்கள்: அது 0.02 என்றால் ஹைட்ரஜனின் 6563 ஆங்ஸ்ட்ராம் கோடு 6694-இல் நிற்கும். பிறகு நிறமாலையின் இருபரிமாணப் படத்தைப் பாருங்கள். வெடிப்பின் கீற்றைத் தாண்டி மேலும் கீழும் கோடு நீண்டால் அது மேகத்துடையது. பக்கத்திலேயே 6583-இல் நைட்ரஜனும், 6716, 6731-இல் கந்தகமும் தலைகாட்டினால் சந்தேகம் வலுக்கும். பின்புலத்தை வெடிப்புக்கு ஒட்டியே, இருபுறமும் எடுத்துக் கழியுங்கள். தள்ளி எடுத்தால் மேகத்தின் ஒளி மிஞ்சிவிடும்.

கருவியின் பிரிதிறன் (அலைநீளத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கும் என்பது) 100 என்றால் அந்தக் கோடு 65 ஆங்ஸ்ட்ராமுக்குப் பரவும், அதாவது வேகத்தில் சொன்னால் நொடிக்கு 3000 கி.மீ. சில நூறு கி.மீ. அகலக் கோட்டை அதில் பிரித்தறியவே முடியாது. உயர் பிரிதிறனில் ஒடுங்கிய முனைக்கு அடியில் அகன்ற இறக்கைகள் தெரிந்தால், அது அடர்ந்த வாயுவுக்குள் ஒளி சிதறுவதன் அடையாளம், நம்பலாம்.

அப்போதும் ஒரு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். எம்101 கேலக்ஸியில் வெடித்த 2023ஐஎக்ஸ்எஃப்-இல் தொடக்க நாட்களில் இருந்த ஒடுங்கிய கோடுகள் சுமார் ஒரு வாரத்தில் மறைந்துவிட்டன.