சால்கோன் புராஜெக்ட் எடுத்த மகளுக்கு வேலை கிடைக்குமா?

அம்மா, முதுகலை வேதியியல் படிக்கும் மகள் சால்கோன் என்று ஏதோ பூ நிறச் சமாசாரத்தைப் புராஜெக்டாக எடுத்திருக்கிறாள், இதை வைத்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். நேர்காணலில் எந்த மூலக்கூறு என்பதை விட, அதை வைத்து அவள் என்னவெல்லாம் செய்யக் கற்றாள் என்பதைத்தான் துருவிக் கேட்பார்கள்.

சால்கோன் என்பது ஒரு சேர்ம வகை, செடிகள் பூவின் நிறப்பொருளை உண்டாக்கும் வழியில் இவ்வகைச் சேர்மம் ஒன்று வரும். ஆய்வகத்தில் சால்கோன் செய்வது சுலபம். அசிட்டோபீனோனையும் பென்சால்டிஹைடையும் எத்தனாலில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கலக்கினால் மஞ்சள் படிகம் வந்துவிடும். அதனாலேயே நிறையப் பேர் இதை எடுக்கிறார்கள், சில சேர்மங்களைச் செய்து, உருகுநிலை பார்த்து, பாக்டீரியாவில் சோதித்து ஆய்வறிக்கையை முடித்துவிடுகிறார்கள். அவளும் அத்தோடு நிறுத்தினால் உங்கள் பயம் நியாயம்தான். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் வரைபடத்தை, தன் சேர்மத்துக்கு அவளே படிக்க வேண்டும். இரட்டைப் பிணைப்பில் உள்ள இரு ஹைட்ரஜன்களின் இணைப்பு மாறிலி 15, 16 ஹெர்ட்ஸ் வந்தால் அது டிரான்ஸ் வடிவம், அதாவது அந்த ஹைட்ரஜன்கள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கின்றன என்று யாரையும் கேட்காமல் சொல்லத் தெரிய வேண்டும். கலவையைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் தூய்மை பார்க்கவும் பழகிவிட்டால் மருந்து, சாயம், உணவு என்று எந்தத் துறையின் பகுப்பாய்வுப் பிரிவுக்கும் தைரியமாக விண்ணப்பிக்கலாம்.

சரி, மருந்து ஆராய்ச்சி? ஆய்வகத் தட்டில் சால்கோன் புற்றுச் செல்லைக் கொன்றது என்று அவள் உற்சாகமாகச் சொல்லலாம். கீட்டோனை ஒட்டிய அந்த இரட்டைப் பிணைப்பு பல புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், அதனால் தட்டில் கிடைக்கும் முடிவை மட்டும் நம்பக் கூடாது. மருந்தானவையும் உண்டு, ஜப்பானில் வயிற்றுப்புண்ணுக்குத் தரும் சோஃபால்கோன் அப்படிப்பட்டது. இன்னும் அழகான கதை ஃபுளோரிசினுடையது. சால்கோனின் நெருங்கிய உறவான இது 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையில் கிடைத்தது. சிறுநீரகம் குளுக்கோஸைத் திரும்ப உறிஞ்சுவதை இது தடுக்கும், ஆனால் வாய்வழியாகக் கொடுத்தால் குடலிலேயே சிதைந்துவிடும். வேதியியலாளர்கள் அதன் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்ததில் வந்ததுதான் இன்று சர்க்கரை நோய்க்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின் போன்றவை. இந்த வழியில் போக முனைவர் பட்டம் வேண்டும், ஆண்டுகள் ஆகும், அதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குச் செடிகளில்தான் ஆர்வம் என்றால் பெட்டூனியாவைப் பற்றிக் கேளுங்கள். பூவின் ஊதா நிறத்தைக் கூட்டலாமென்று ஆராய்ச்சியாளர்கள், செடியில் சால்கோனை உண்டாக்கும் நொதியான சால்கோன் சின்தேஸின் மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தினார்கள், வெள்ளைப் பூ பூத்தது! செடி தன் சொந்த மரபணுவையும் சேர்த்து அடக்கிவிட்டது என்று 1990-இல் எழுதினார்கள், பின்னால் ஆர்என்ஏ மூலம் மரபணுவை அடக்கும் ஆர்என்ஏ குறுக்கீடு என்ற பெரிய துறையே வளர்ந்து, புழுவில் அதை விளக்கியவர்களுக்கு 2006-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தால் தாவர உயிர்தொழில்நுட்பம் பக்கம் தாராளமாகப் போகட்டும்.

இப்போதைக்கு அவள் தன் வழிகாட்டியிடம் ஒன்று கேட்கட்டும்: கருவியில் நானே உட்கார்ந்து வேலை செய்யலாமா, இல்லை மாதிரியை வெளியே அனுப்பி முடிவு மட்டும்தான் வருமா? வெளியே அனுப்புகிறார்கள் என்றால், அடுத்த விடுமுறையில் கருவி உள்ள ஓர் ஆய்வகத்தில் பயிற்சிக்கு இப்போதே எழுதிப் போடச் சொல்லுங்கள்.